ஸ்பீக்கர் பார்க்கும் அழகமுத்து

பெட்டியைத் திறக்கக்கூட விடமாட்டார் அழகமுத்து. முதலில் அப்படியே கையில் தூக்கிப் பார்ப்பார். வலது கையில் ஒரு தரம், இடது கையில் ஒரு தரம். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மேசையில் வைத்துவிடுவார்.

"காத்து. உள்ளுக்கு ஒன்னும் இல்ல. இந்தக் காசுக்கு ரெண்டு பிளாஸ்டிக் வாளி வாங்குனா தண்ணியாச்சும் அள்ளலாம்."

மாத்தளை நகரத்தில் கொம்பியூட்டர் சாமான் விற்கும் ஹுசைனுக்கு இந்தப் பேச்சு பழகிப்போயிற்று. யாராவது அழகமுத்துவைக் கூட்டிக்கொண்டு கடைப்படி ஏறினாலே, "வந்திட்டாரா, இனி யாவாரம் பகல் சாப்பாட்டுக்குப் பொறகுதான்" என்று முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போடுவார், பிளேன்டீக்கும் சொல்லியனுப்புவார். அழகமுத்து கூட்டி வருகிற ஆள் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை பிடித்ததில்லை. அந்த நன்றி ஹுசைனுக்கு உண்டு.

உக்குவளைக் கடைவீதியில் அழகமுத்துவுக்கு ஒரு சின்னக் கொமியூனிக்கேஷன் இருக்கிறது. போட்டோ கொப்பி, வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துப் பேசும் வசதி, இப்போது இன்டர்நெட்டும். அது அவருக்குச் சோறு போடுகிற தொழில். ஊர் அவரைத் தேடி வருவதோ ஸ்பீக்கருக்காக. பிள்ளைக்குக் கொம்பியூட்டர் எடுத்தவர்கள் எல்லாவற்றையும் வாங்கி முடித்த பிறகுதான் இவர் வாசலில் வந்து நிற்பார்கள். "கல்யாணத்துல எல்லாருக்கும் துணி எடுத்துட்டு, மிச்சத்துல பொண்ணுக்குச் சட்ட தைக்க வர்ற மாதிரி வர்றீங்க" என்று திட்டுவார். திட்டிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு அவர்களோடு பஸ் ஏறிவிடுவார். வேலை வெட்டி இல்லாத மனுஷன் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பீக்கர் என்று வந்துவிட்டால் அவருக்கு வேறு வேலை ஞாபகம் வராது.

பெட்டிமேல் அச்சடித்திருக்கும் வாட்ஸ் கணக்கைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். "ஆயிரம் வாட்ஸாம். நெசமா ஆயிரம் வாட்ஸ் ஓடுனா இந்தக் கடவீதி பூரா லைட்டு மங்கிரும்." ஐந்து ஸ்பீக்கர் சேர்ந்த செட்டைப் பக்கத்திலும் சேர்க்கமாட்டார், கையில் இருப்பது கொஞ்சக் காசு என்றால் அதை அஞ்சாகப் பிரிக்காமல் ரெண்டில் போடு என்பது அவர் கட்சி. பிளாஸ்டிக்கைவிட மரப்பெட்டி நல்லது. புதுசு கட்டாது என்றால், யாரோ தூக்கிப்போட்ட பழைய கசெட் செட்டின் மரப்பெட்டி இரண்டைத் தேடிப்பிடித்து, சின்னதாக ஒரு எம்பிளிபயரைக் கோத்துக் கொடுப்பார். அது புதுசையே தோற்கடிக்கும்.

பாட்டுப் போட்டுக் காட்ட வரும் கடைக்காரரை மட்டும், அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட்டுத் தடுத்துவிடுவார். "பாட்டுல எந்தக் குறையையும் மறைச்சிரலாம் ஹுசைன் நானா. நியூஸ் போடுங்க. மனுசன் பேசறது மனுசன் பேசற மாதிரி வருதான்னு பாப்போம்."

வாங்கிய ஸ்பீக்கரைப் பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டும் வரமாட்டார். உள்ளே இருப்பது தெரிகிற பையில் போட்டு, வயரை வெளியே தொங்கவிட்டு, ரசீதைச் சட்டைப் பையில் எட்டிப்பார்க்க வைத்திருப்பார். தமிழன் ஒருவன் வயரும் காந்தமுமாக மூடிக் கட்டின பெட்டியோடு பஸ்ஸில் வந்தால் செக்பொயின்டில் இறக்கி வைத்துவிடுகிற யுத்த காலம். சிப்பாய் கேட்கும் முன்பே பையைத் தூக்கிக் காட்டி, "ஸ்பீக்கர், மாத்தயா" என்று சிங்களத்தில் ஐயா போட்டுச் சொல்வார். இப்போது அந்தச் சிப்பாய்களில் ஒருவனும் தன் வீட்டுக்கு எது நல்லதென்று இவரிடம் விசாரித்து வைத்திருக்கிறான்.

இவ்வளவு பைத்தியமும் பாட்டு ஆசையால் பிடித்ததில்லை. புஷ்பவதியால் பிடித்தது. அவருடைய மனைவி.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்த வீடும் சுவரோடு நின்றுபோயிருந்தது. கூரை போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள் புஷ்பவதி. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்த வீட்டு மூத்த பெண் தன் கொம்பியூட்டரைச் சற்று நேரம் கொடுப்பாள். இங்கே அழகமுத்து கடைக்கதவைப் பாதி சாத்திக்கொண்டு, தலைவாரி, சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவார். முகம் தெரிகிற ஏற்பாடு எதுவும் இரண்டு பக்கமும் இல்லை. குரல்தான். குரலுக்கு எதற்குத் தலைவாரல் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. சில மாதங்களில் அவள் குரல் கரகரவென்று கிழிய ஆரம்பித்தது. அவர் கேட்பதும் அவளுக்கு விளங்கவில்லை. "என்னாங்க? கேக்கலங்க, சத்தமாப் பேசுங்க" என்று அங்கிருந்து கூப்பாடு போடுவாள். கொம்பியூட்டரோடு இலவசமாக வந்த சின்ன ஸ்பீக்கர் இரண்டும் அந்தச் சத்தத்துக்கு நடுங்கும்.

"கத்தாத புஷ்பா. ஸ்பீக்கர் கிழிஞ்சிரும்" என்றார் அழகமுத்து.

அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும், "என்னாங்க சொன்னீங்க?"

மைக்கில் கோளாறு என்று மைக்கை மாற்றினார். சவுண்ட் கார்டை மாற்றினார். ஸ்பீக்கர் மட்டம் என்று ஹுசைன் கடைக்கு அலையத் தொடங்கியது அப்போதுதான். ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்க்கவும், நியூஸ் போட்டுக் கேட்கவும் கற்றுக்கொண்டதெல்லாம் அவள் குரல் கிழியாமல் வர வேண்டும் என்பதற்காகத்தான். லீவு எப்போது என்று இவர் கேட்டால், "சாப்பிட்டேங்க" என்பாள் அவள். லைன் தாமதமாகிறது, போன கேள்விக்கு இப்போது பதில் வருகிறது என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு சாமான் மாற்றும்போதும், "இப்ப எப்பிடி இருக்கு?" என்று அடித்தொண்டையில் கேட்பார். "இப்ப பரவால்லங்க" என்பாள். கத்தாதே என்பதை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் பழைய மரப்பெட்டி இரண்டும் எம்பிளிபயரும் கோத்துவைத்த வருஷம், அவள் குரல் கிழிவது நின்றுவிட்டது. தணிவாக, சீராக வந்தது. அழகமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. ஹுசைன் கடைக்குப் போய், "பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்கு நானா. எல்லாம் பொட்டியிலதான் இருக்கு" என்று மார்தட்டினார். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கும்.

போன வருஷம் தைப்பொங்கல் கழித்து அவள் வந்தாள். கூரை ஏறியிருந்தது. இரண்டு மரப்பெட்டிகளையும் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, பொலிஷ் போட்டு, கூடத்தில் வைத்திருந்தார் அழகமுத்து. அவள் வந்து இறங்கிய அன்றே, நல்ல பகல் வேளை. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, அவளுக்குப் பிடித்த பாட்டைப் போட்டார். புஷ்பவதி பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தாள். தலையை மெல்ல ஆட்டினாள். அவர் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பாட்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. பின்னால் யாரோ துணி துவைக்கும் சத்தம் மட்டும் வீட்டுக்குள் வந்தது.

புஷ்பவதி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "தெளிவா இருக்குங்க" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு."

மாத்தளை ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்தார். வலது காது முழுக்கப் போய்விட்டது, இடதில் ஏதோ கொஞ்சம் மிச்சம் என்றார். குவைத்துக்குப் போன புதிதில் காதில் சீழ் வந்திருக்கிறது. அந்த வீட்டு மேடம் வலிக்கு மாத்திரை கொடுத்ததோடு சரி. அப்போதே மருந்து போட்டிருந்தால் ஆறியிருக்கும் என்று டொக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். அழகமுத்து வெளியே வந்து ஆஸ்பத்திரி மதிலில் சாய்ந்து அழுதார். வெட்கப்படாமல் அழுதார்.

அன்று வீட்டில், அவளுடைய இடது காதருகே வாயை வைத்து உரக்கக் கேட்டார். "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வரச் சொல்லுவீங்க. வீடு பாதியில நின்னுருமே." புஷ்பவதியின் குரல், பக்கத்தில் இருந்த அவருக்கே அரைகுறையாக எட்டுகிற அளவு தணிந்திருந்தது. "கத்தாதன்னு வேற சொன்னீங்க. கொறச்சுப் பேசுனா, நான் பேசறது எனக்கே கேக்காது. என்னா பேசுனேன்னு தெரியாமத்தான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பேசிக்கிட்டு இருந்தேன்."

ஊரில் எந்த வீட்டு ஸ்பீக்கர் இரைந்தாலும், எங்கே பழுது என்று நொடியில் கண்டுபிடிக்கிற மனுஷன். உனக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. "மெசின்லயே பழுது தேடிக்கிட்டு இருந்துட்டேன் நானா" என்று ஹுசைனிடம் ஒரு தடவை சொன்னார். "அல்லாட நாட்டம், நாம என்ன செய்ற" என்றார் ஹுசைன். அவர் ஆறுதலுக்குச் சொன்னார். அழகமுத்துவுக்கு அது ஆறவில்லை.

காதுக்கு வைக்கிற மெஷினைப் பார்க்கக் கண்டிக்குப் போனார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அழகமுத்து உள்ளங்கையில் வாங்கினார். கனமே இல்லை. எதை வைத்து இது நல்லது, இது மட்டம் என்று சொல்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றார். கிளினிக்கில் காது அளந்த பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த முறைக்குக் காத்திருக்கிறார்கள்.

இப்போதும் ஊரார் வரத்தான் செய்கிறார்கள். அவரும் போகத்தான் செய்கிறார், ஆனால் மார்தட்டல் இல்லை. பகலில் புஷ்பவதி சோற்றுப் பார்சலோடு கடைக்கு வந்து, கொப்பி மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வாடிக்கையாளர் அவளிடம் ஏதாவது கேட்டால் சிரிப்பாள். சத்தமாகப் பேசு, பரவாயில்லை என்று அவர் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். அவளுக்கு வரவில்லை. வாய் அசைவது தெரியும், சொல் எட்டாது. அந்தக் கெட்ட பழக்கத்தைத் தான்தான் பழக்கினோம் என்பது அழகமுத்துவுக்கு நன்றாகத் தெரியும்.

நேற்று ஆட்டோ ஓட்டும் முத்தலிப் இரண்டு செட் ஸ்பீக்கர்களை ஹுசைனிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் அழகமுத்து மாற்றி மாற்றிப் போட, கடை அதிர நியூஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"இதா, அதா? சொல்லுங்க மொதலாளி, எனக்கு ஹயர் ஈக்கி" என்றார் முத்தலிப், சவாரிக்கு நேரமாகிற அவசரத்தில்.

கொப்பி மெஷின் பக்கம் புஷ்பவதியின் வாய் அசைந்தது. அழகமுத்து முத்தலிப்பைப் பார்த்துப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஸ்பீக்கரை முழுக்க நிறுத்தினார். மேசையைச் சுற்றிப் போய், அவள் முன்னால் குந்தியிருந்து, தன் காதை அவள் வாயருகே கொண்டுபோனார்.