மார்கழி வரை காத்திருந்த புத்தகம்

தென்காசியில் அச்சகம் வைத்திருந்த அந்த மனிதர் ஒல்லி. கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல்தான் காது. பேசிக்கொண்டே, தரையில் கிடக்கும் ஈய எழுத்தைக் கால்விரலால் கவ்வி எடுத்துவிடுவார்.

காலமான உள்ளூர்க் கவிராயர் ஒருவரின் அருவிப் பாட்டுப் புத்தகத்தை மறுபடி போட அவருக்கு ஆசை. வாரிசுகள் தாங்களும் போடவில்லை, பிறரையும் விடவில்லை. அறுபதுகளில் ஓர் ஆடி மாதம், கவிராயரின் திதியன்று, எழுத்தெல்லாம் கோத்து முடித்து இயந்திரத்துக்குப் பூவும் வைத்துவிட்டார்.

"அவுக போயி இன்னையோட அம்பது வருசம். வாரிசு உரிமை முடிஞ்சுபோச்சு. குத்தாலத்துல சீசன் கூட்டம். இனி ஓட்டிரலாம்லா?"

வக்கீல் குமாஸ்தாவான என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சட்டம் திதி பாக்காது அண்ணாச்சி. இங்கிலீஷ் வருசம் முடியணும். ஜனவரி பொறந்தாத்தான் பாட்டு பொதுவாகும்."

"அப்பம் சீசன் போயிருமே." இயந்திரத்தில் வைத்த பூவை எடுத்தார். "சரி, இம்புட்டு வருசம் பொறுத்தாச்சு." கோத்த பக்கங்களை நூலால் கட்டிப் பரணில் வைத்தார்.

ஜனவரியில் புத்தகம் வந்தது. அதே வாரம் பக்கத்துத் தெரு அச்சகக்காரரும் அதே பாட்டுகளைப் போட்டுவிட்டார். சட்டப்படி தடுக்க வழியில்லை. ஆறுதல் சொல்லப் போனேன். வாசல் கயிற்றில் இவர் புத்தகத்தோடு அந்தப் புத்தகமும் தொங்கியது.

"இதை ஏன் தொங்க விட்டிருக்கிய, அண்ணாச்சி?"

"அவரு எழுத்து பெருசு. கண்ணு மங்குனவுகளுக்கு வாசிக்கத் தோதா இருக்கும்லா."

அந்த வியாபாரம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.