போட்டுப் பார்க்கும் சட்டை

பக்கவாதம் கணவரின் வலது கையை முடக்கிப் போட்ட பிறகுதான் தையல்காரிக்கு அந்த யோசனை வந்தது. சாதாரணச் சட்டையை அவருக்குப் போட்டுவிடுவதற்குள் இரண்டு பேருக்கும் அழுகையே வந்துவிடும். அதனால் தோளிலிருந்து இடுப்புவரை திறக்கும்படி, பிரஸ் பட்டன் வைத்து ஒன்று தைத்தாள். முகம் தெரியாமல் அவரைப் படமெடுத்து இணையத்தில் போட்டாள். யாரோ ஒரு பெண், தன் அப்பாவுக்கும் அதே மாதிரி வேண்டுமென்று கேட்டாள். கடை அப்படித்தான் ஆரம்பித்தது.

கடன் என்றாலே அவளுக்கு ஆகாது. சட்டை விற்ற காசில் துணி, அதில் மிஞ்சியதில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின், அதற்கும் வெகுநாள் கழித்துத்தான் சொந்தமாக ஒரு வலைத்தளம்.

“நான் பணம் தரேன், உதவிக்கு ஒரு ஆளை வெச்சுக்கோயேன்” என்றார் அவள் அண்ணன்.

“வேண்டாம்ணே. இதுவே சம்பாதிச்சு இதுவே வளரட்டும்.”

பிடிவாதத்துக்குக் கொள்கை என்று பெயர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வெட்டுவது, தைப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் அவள் தலையில்தான் விழுந்தன.

தைத்த சட்டை ஒவ்வொன்றையும் கணவருக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். ஒற்றைக் கையால் கழற்ற வருகிறதா என்று தெரிய வேண்டுமே!

“இடது கையால கழட்டுங்க, பாப்போம்.”

“நல்லாருக்கும்மா. கொஞ்ச நேரம் இருக்கட்டுமே.”

“அழுக்காயிடுங்க. கொரியர்காரர் வந்துடுவாரு.”

கழற்றியதும் பழையபடி அந்த முதல் சட்டைதான். தோளில் பட்டன் பிய்ந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தாள். “நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு தெச்சிடறேன்” என்பாள். நாளைக்கு வேறு ஆர்டர் வந்துவிடும்.

ஓயாமல் அவளைக் கிண்டல் செய்த மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நோய்தான் முற்றுகிறதோ என்று பயந்தாள். டாக்டரிடம்கூடக் கேட்டுப் பார்த்தாள். தன்னால்தானோ என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை.

அன்று காலை புது ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். இந்த வீட்டு முகவரி. அவர் பெயர். அடுத்த அறைக்கு அனுப்பும் செலவையும் சேர்த்தே பணம் கட்டியிருந்தார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மனிதருக்குப் பழைய குறும்பு திரும்பிவிட்டதே என்று அப்படியொரு நிம்மதி.

கீழே வாடிக்கையாளர் குறிப்பு எழுதும் கட்டத்தில் இரண்டே வரி இருந்தது.

‘அளவு உங்களுக்கே தெரியும். போட்டுவிட்ட பிறகு தயவுசெய்து கழற்ற வேண்டாம்.’

சிரிப்பு நின்றுபோனது. எத்தனை சட்டைகளை அந்த உடம்பிலிருந்து உருவியிருப்பாள்! வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

உள்ளே கட்டில் அசையும் சத்தம் கேட்டது.

“ஏம்மா, ஆர்டர் வந்துச்சா?” என்றார் அவர்.