சென்றியில் நான் சொன்ன பொய்

யுத்த காலத்தில் வேலை கிடைத்து, வாகரையிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு வந்தேன். வாகரை அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால், அந்த விலாசத்தைக் கண்டால் இராணுவத்தின் வீதிச் சோதனைச் சென்றியில் ஆமி மறித்துவிடும். மாதக்கணக்கில் அலைந்து அடையாள அட்டையில் டவுன் விலாசம் போட்ட பிறகுதான் பயமில்லாமல் நடந்தேன்.

ஒருநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில், எங்கள் ஊர்ப் பாக்கியம் அக்காவைச் சென்றியில் மறித்து வைத்திருந்தார்கள்.

"மனே, இவங்களிட்டச் சொல்லு. நான் உங்கட பக்கத்து வீடுதானே?" என்று என்னைக் கூப்பிட்டார்.

"இவவத் தெரியுமா?" என்று ஆமிக்காரன் கேட்டான்.

"தெரியாது" என்றேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன்.

பின்னேரம் அக்கா விசாரித்துக்கொண்டு என் வாடகை அறைக்கே வந்தார். அப்போதுதான் விட்டார்களாம். கையில் ஒரு கருவாட்டுப் பார்சல்.

"கொம்மா தந்துவிட்டவ. இதத் தரத்தான் டவுனுக்கு வந்தநான்" என்றார். அம்மாவின் பார்சலை என் கையில் வைத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கொஞ்சம் தண்ணி தா மனே. விடியத்துல இருந்து குடிக்கல்ல."

இப்போது யார் கேட்டாலும் என் ஊர் வாகரை என்றுதான் சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.