முப்பத்தோரு நிமிடப் பாட்டு

எங்கள் வீட்டில் அம்மா நேரத்தைக் குக்கர் விசிலால் அளப்பாள், சித்தப்பா பாட்டால் அளப்பார். அவர் கேட்கும் ஒரு பாட்டு முடிவதற்குள் பருப்பு வெந்து, ரசமும் கொதித்து இறங்கிவிடும். "ஏந்தம்பி, இது ஒரே பாட்டா? நானும் அப்ப இருந்தே பாக்கறேன், முடிஞ்சபாடில்லையே!" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். சித்தப்பாவுக்குக் கோபமே வராது. "இன்னும் பதினொரு நிமிசம் இருக்குங்க அண்ணி, கடைசிலதான் விசயமே இருக்கு" என்பார்.

அவர் அப்பாவின் தம்பி. கோயம்புத்தூரிலிருந்து வேலை கிடைத்து புனே வந்தவர், கட்கியில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே தங்கிவிட்டார். காலையில் கம்பெனி வண்டி அவரை ஹிஞ்சேவாடிக்கு அள்ளிக்கொண்டு போகும், இருட்டியதும் கொண்டுவந்து கொட்டும். ஆபீசில் அவரை யாரும் பெரிதாக மதித்ததாகத் தெரியவில்லை. வீட்டிலோ, முப்பத்தைந்து வயதாகியும் ஜாதகம் கூடாதவர் என்பதுதான் அவரைப் பற்றிய முதல் தகவல். ஆனால் போலந்திலும் நார்வேயிலும் சிலியிலும் அவர் பெரிய ஆள். புரோகிரசிவ் ராக் என்று ஒரு வகை இசை உண்டு. ஒரு பாட்டு இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம் ஓடும், நடுவில் தாளம் நாலு தடவை மாறும். அப்படிப்பட்ட குழுக்களின் ஆல்பங்களைக் கேட்டு ஓர் இணையதளத்தில் ஆங்கிலத்தில் விமர்சனம் எழுதிவந்தார். எட்டு வருடமாக எழுதினார். சம்பளமெல்லாம் கிடையாது. உறை உறையாக சிடி வரும், அவ்வளவுதான். உறையிலிருந்த தபால்தலைகள் எனக்கு.

அதில் அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. எந்த ஆல்பமாக இருந்தாலும் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு. இரண்டாம் தடவை கூட வந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு. மூன்றாம் தடவைதான் பேனாவை எடுப்பார். அதற்கப்புறமே பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். பத்துக்குப் பத்து யாருக்கும் போட்டதில்லை. "பத்து போட்டுட்டா அப்பறம் கேக்கறதுக்கு என்ன கண்ணு இருக்குது?" என்பார். ஒரு போலந்துக் குழுவின் பாட்டில், பதினாலாவது நிமிடத்தில், டிரம்ஸ் வாசிப்பவர் கையிலிருந்து குச்சி நழுவி விழும் சத்தம் இருக்கிறது என்று எழுதினார். உலகத்திலேயே நீ ஒருவன்தான் அதைக் கண்டுபிடித்தாய் என்று அந்த டிரம்ஸ்காரரே மின்னஞ்சலில் கடிதம் போட்டார். அதை அச்செடுத்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தார் சித்தப்பா. எனக்கு அப்போது பத்து வயது. ஹங்கேரி எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்டத் தெரியாது, ஆனால் அங்கே வயலின் நன்றாக வாசிப்பார்கள், பாடத்தான் வராது என்று வகுப்பில் எழுந்து சொல்லத் தெரியும். சொல்லி பெஞ்சின் மேல் நின்றும் இருக்கிறேன்.

அந்த வருடத்து மழைக்காலத்தில் சித்தப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஆனால் அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லாமல் டாக்டரிடம் போயிருக்கிறார். இரண்டு காதும் படிப்படியாகப் போகும், திரும்பி வராது என்று எழுதிய சீட்டை வெகுகாலம் கழித்து ஒரு சிடி டப்பாவுக்குள் நான் பார்த்தேன். மறைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஓர் இடம் ஏறக்குறைய கூடி வந்திருந்தது, காது மந்தம் என்று தெரிந்தால் போச்சு. ஆபீசில் பாதி வேலை போனில் வெள்ளைக்காரர்களோடு பேசுவது. எல்லாவற்றுக்கும் மேலே, கேட்பது ஒன்றைத்தான் அந்த மனிதர் உருப்படியாகச் செய்து பெயர் வாங்கியிருந்தார். "கூப்புட்டா ஒரு தடவையாவது காதுல போட்டுக்கறாரா பாரு" என்று அம்மா தினமும் அலுத்துக்கொள்வாள். அலுப்பாகவே அதை நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தன்னுடைய பெரிய கறுப்பு ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டார். "நீ கேட்டுச் சொல்லு கண்ணு. உங்காது எப்படி இருக்குன்னு பாக்கறேன்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பில் ஓடும் நிமிடத்தைப் பார்த்துக்கொண்டு, விரலை உயர்த்துவார். அந்த நேரத்தில் கேட்பதை நான் சொல்ல வேண்டும். என் வாயையே பார்த்துக்கொண்டு குறித்துக்கொள்வார். எனக்கு வாத்தியங்களின் பெயரெல்லாம் தெரியாது. தொண்டையில் மாத்திரை மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு புல்லாங்குழல், தகர ஷட்டரை யாரோ உதைக்கிற மாதிரி டிரம்ஸ் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அவர் அதை அழகான ஆங்கிலத்தில் எழுதுவார். உங்கள் எழுத்து முன்னைவிடப் புதிதாக இருக்கிறது என்று படிப்பவர்கள் பாராட்டினார்கள். எனக்குப் படித்துக் காட்டி, ஒரு வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். மூன்று தடவை என்ற சட்டத்தை மட்டும் விடவில்லை. மூன்று தடவையும் நான் கேட்டேன். அதுவரைக்கும் ஒருநாளும் நான் தப்பாகச் சொன்னதில்லை. அவர் என்னை அவ்வளவு நம்பியதற்கு அதுதான் காரணம்.

அப்புறம் சிலியிலிருந்து ஒரு சிடி வந்தது. அட்டையில் படம் இல்லை, பெயர் இல்லை, வெறும் சாம்பல் நிறம். உள்ளே ஒரே ஒரு பாட்டு, முப்பத்தோரு நிமிடம்.

எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் கணபதி பண்டிகைக்கு மேடை நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. தினம் ஐந்து மணிக்கு டான்ஸ் ஒத்திகை. நான் முதல் வரிசை. இரண்டு நாள் வராவிட்டால் என் இடம் மேல்மாடிப் பெண்ணுக்கு என்று சொல்லிக்கொடுக்கும் அக்கா எச்சரித்திருந்தாள். முதல் நாள், சித்தப்பாவுக்கு லீவான சனிக்கிழமை, இந்த முப்பத்தோரு நிமிடத்தில்தான் மாட்டிக்கொண்டேன், ஆனால் அதுவும் உருப்படியாக நடக்கவில்லை. பத்தாவது நிமிடத்தில் கரண்ட் போய், பேட்டரி செத்த லேப்டாப்பும் அதோடு நின்றது, கரண்டுக்குக் காத்திருந்ததில் ஒத்திகையும் போச்சு. இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமையும் சித்தப்பா என்னை உட்காரவைத்துவிட்டார். நாளைக்குள் விமர்சனம் போக வேண்டுமாம், முதலிலிருந்து முழுசாகக் கேட்டாக வேண்டுமாம். கீழே ஒலிபெருக்கியில் "எக், தோன், தீன்" என்று மைக் பார்க்கிற சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்தாவது நிமிடம் வரைக்கும் ஒழுங்காகக் கேட்டுச் சொன்னேன். அதற்கு மேல் பொறுமையில்லை. முடியை ஒதுக்குகிற மாதிரி பாசாங்கு செய்து, ஹெட்போனைக் காதிலிருந்து இரண்டு விரல் முன்னால் தள்ளிவைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நான் கேட்டதெல்லாம் ஜன்னலைத்தான். நான் இல்லாமல் ஒத்திகை தொடங்கிவிட்டதா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சித்தப்பா விரலை உயர்த்தினார். இருபத்தைந்தாவது நிமிடம். "இப்ப என்ன வருது?"

கீழே சின்னப் பிள்ளைகள் ஆரத்திப் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தார்கள். யாரோ மணி அடித்தார்கள். "குழந்தைங்க பாடறாங்க சித்தப்பா. மணி அடிக்குது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சிலிக்காரன் பாட்டுல மணியா!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். இரண்டாம் தடவை கேட்கவைத்தபோதும் அதையே சொன்னேன். மூன்றாம் தடவையும் அதையே சொன்னேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒத்திகை முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

விமர்சனம் வெளியானது. இருண்ட பாட்டு, ஆனால் முடிவில் குழந்தைகளின் குரலும் கோயில் மணியும் வந்து திருவிழா மாதிரி ஆக்கிவிடுகின்றன, இந்த இனிப்பு கொஞ்சம் திகட்டுகிறது, பத்துக்கு ஐந்து. இப்படி எழுதியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழுவின் தலைவரிடமிருந்து பதில் வந்தது. நாலே வரி. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை, பின்னால் நானே படித்தேன். அந்தப் பாட்டில் குழந்தைகள் இல்லை. மணியும் இல்லை. கடைசி ஆறு நிமிடம் ஆஸ்பத்திரியில் என் அம்மா விட்ட மூச்சு, அவர் போகிறவரைக்கும் பதிவு செய்தது. நீங்கள் எந்தப் பாட்டைக் கேட்டீர்கள்?

சித்தப்பா அதைப் படித்துவிட்டு அந்தச் சாம்பல் நிற சிடியைத் தேடி எடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நான் நினைக்கவே இல்லை, ஏனென்றால் அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. பெரியவர்களுக்குப் பயம் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. "கண்ணு, அந்த சிலிப் பாட்டுல கடைசில என்ன வந்துச்சு? நெசமாச் சொல்லோணும்."

"குழந்தைங்கதான் சித்தப்பா. மணியும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஆயிஷப்பத்!" என்றேன். புனேயில் பிள்ளைகள் ரப்பர் காணாமல் போனால்கூட வாய் கூசாமல் சொல்லும் சத்தியம் அது. அம்மா மேல் ஆணை என்று அர்த்தம்.

அதை நம்பித்தான் அவர் பதில் எழுதினார். என்னிடம் இருக்கும் சிடியில் குழந்தைகள் பாடுகிறார்கள், மூன்று தடவை கேட்டேன், வேண்டுமானால் உங்கள் பிரதியைச் சரிபாருங்கள் என்று. அம்மாவை இழந்த ஒருவரிடம் போய் இப்படிச் சொன்னார். இணையதளத்தை நடத்தியவர் அந்தப் பாட்டைத் தானே போட்டுக் கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் சித்தப்பாவின் பெயர் அங்கே இல்லை. எட்டு வருடம் எழுதிய அத்தனை விமர்சனத்தையும் எடுத்துவிட்டார்கள். கேட்காமலே எழுதுகிற மோசடிப் பேர்வழி என்று நாடு நாடாக எழுதினார்கள். அவர்களில் குச்சி நழுவிய அந்தப் போலந்துக்காரரும் ஒருவர். பீரோக் கதவில் ஒட்டியிருந்த கடிதத்தை சித்தப்பா கிழிக்கவில்லை, நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். கதவில் வெள்ளைத் திட்டு அப்படியே நின்றுவிட்டது.

பொள்ளாச்சி இடம் நழுவியது, அடுத்த வருடம் வேலையும் போனது. இப்போது கோயம்புத்தூரில் செடி நாற்றுகள் விற்கிறார். இரண்டு காதிலும் மெஷின், அதுவும் பேருக்குத்தான். ஹிஞ்சேவாடியில் வேலை பார்த்துக்கொண்டு வாகட்டில் குடியிருக்கும் நான் அவரோடு வாட்ஸப்பில்தான் பேசுகிறேன். செம்பருத்திப் படம் அனுப்புவார். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். அனுப்பியதில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் சத்தியம் செய்த பிறகு, பதில் எழுதுவதற்கு முன்னால், சித்தப்பா அந்த ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டார். சத்தத்தைக் கடைசிவரைக்கும் ஏற்றினார். இருபத்தைந்தாவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே அது கசிந்து கேட்டது. யாரோ மூச்சு இழுத்தார்கள். நின்றது. மறுபடி இழுத்தார்கள். ஏதோ ஒரு மெஷின் விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு ஆறு நிமிடமும் கேட்டார். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். "குழந்தைங்கதான கண்ணு?" என்றார். நான் தலையாட்டினேன்.

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இவ்வளவு சத்தமாகக் கேட்டபிறகும் அப்படிச் சொல்கிறார் என்றால், என்னைக் காட்டிக்கொடுக்காமல் எனக்காகப் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். சித்தப்பா எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டே இரண்டு இரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினேன். அன்றைக்கு மேல்மாடிப் பெண்ணுக்குக் காய்ச்சல். முதல் வரிசை எனக்கே திரும்பக் கிடைத்தது.