சுடாத சுவர்

போன வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். காபி குடிக்க அடுப்படிக்குப் போகிறேன் என்று எழுந்த என் அக்கா, பின்வாசல் படியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். கால் விரல்கள் அந்தரத்தில்.

அக்காவுக்குக் கண் தெரியாது.

கத்தலாமா? திடுக்கிட்டு விழுந்துவிடுவாள். கத்தாமல் இருந்தால்? இன்னொரு எட்டு வைத்துவிடுவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பையப் பைய நடந்து, பின்னாலிருந்து தோளைப் பிடித்தேன்.

"ஏல, நான் எங்கன நிக்கேன்?" என்றாள்.

அந்தக் குரலில் இருந்த பயம் எனக்குப் புதிது. அக்கா பயப்பட்டு நான் பார்த்ததில்லை. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை வியாதி கண் இரண்டையும் வாங்கிக்கொண்ட பிறகும், எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்குள் தனியாகத்தான் நடப்பாள். கம்பு கிடையாது. யாராவது கையைப் பிடித்தால் கோபம் வரும். "என்னைய என்ன சப்பரமா, ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிட்டுத் திரியுதிய?" என்று என்னையும் என் மனைவியையும் சேர்த்துத் திட்டுவாள்.

அப்படி நடந்தவள் ஏன் இப்படி வழி தவறினாள்? காரணம் நான்தான். இல்லையில்லை... வெளிச் சூடு உள்ளே வராமலிருக்க நான் போட்ட இன்சுலேஷன்.

வீட்டில் வேலை நடக்கிறது என்று நான் எழுதுகிற இதே பக்கத்தில் பலமுறை புலம்பியிருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை. போன கோடையில் அக்கா மயங்கி விழுந்துவிட்டாள். எங்கள் வீட்டுச் சுவர் கெட்டியான செங்கல் சுவர். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் உள்ளே கக்கும். ஏ.சி. போட்டால் அக்காவுக்கு மூட்டு வலி. 'இன்னொரு கோடையை இந்தச் சூட்டில் அவங்க தாங்க மாட்டாங்க' என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வானிலைச் செய்தி கேட்டாலே எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன்.

சுவருக்கு உள்பக்கம் ஃபோம் போர்டு, அதன்மேல் வழவழவென்று ஜிப்சம் போர்டு. மழைக்காலத்தில் ஈரம் ஏறும் தரைக்கும் அடியில் ஷீட் விரித்து, மேலே ஒரே மாதிரி டைல்ஸ். வாசலிலிருந்து பின்வாசல்வரை கண்ணாடி மாதிரி தரை!

செய்வதற்கு முன்னால் யாரை விட்டேன்? இன்ஜினீயரைக் கேட்டேன். யூடியூபைக் கேட்டேன். முக்கூடல் சித்தப்பாவைக் கேட்டேன். முடி வெட்டுகிறவரிடம்கூடக் கேட்டேன். வேலை முடிந்ததும் வீடு குளுகுளுவென்றுதான் இருந்தது. நானும் வருகிறவர் போகிறவரை எல்லாம் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

அக்காவும் தொட்டுப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

போன வெள்ளிக்கிழமை, படியிலிருந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்த பிறகுதான் சொன்னாள். "காலையில கிழக்குச் சுவரு சுடும். பொழுது சாய மேற்குச் சுவரு சுடும். சாயங்காலம் சுடுத சுவரப் பிடிச்சுட்டே போனா அடுப்படி. சுடாத சுவரப் பிடிச்சா பின்வாசல். படி வந்துட்டுன்னா காலுக்குக் கீழ கருங்கல்லு சொரசொரங்கும். இப்போ ரெண்டு சுவரும் ஒண்ணுபோல சில்லுன்னு இருக்கு. தரையும் வாயத் தொறக்க மாட்டேங்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏன்க்கா முதல்லயே சொல்லல?"

"நீ கேட்டியால? 'அக்கா, ஜில்லுன்னு இருக்கும்'னே. சரின்னுட்டேன்."

யோசித்துப் பாருங்கள்... யாருக்காக ஒரு காரியம் செய்கிறோமோ அவரைத் தவிர ஊரையே கேட்கிறோம் இல்லையா?

அப்புறம் எனக்குத் தூக்கம் ஏது? போர்டைப் பிய்த்தால் சூடு. விட்டுவைத்தால் படி. இரண்டில் எது அக்காவைக் கொண்டுபோகும் என்று நானே கேட்டு நானே நடுங்கினேன். படிக்குக் கேட் போடலாமா? அடுப்படிவரை கயிறு கட்டலாமா? கயிறு என்று வாயெடுத்ததுமே, "ஏன், கழுத்துல மணியும் கட்டி விடேன்" என்றாள் அக்கா. ஆனால் அறையை விட்டு வெளியே வரவில்லை. காபியை அங்கேயே கொண்டுவரச் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மனைவிதான் கடைசியில் எரிந்து விழுந்தாள். "திரும்பவும் நீங்களே முடிவு பண்ணுதியளே! மதினிகிட்ட என்ன வேணும்னு கேளுங்க."

கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை. "ரெண்டு சுவத்துலயும் கை உசரத்துல ஒரு சாண் அகலத்துக்கு நெடுக போர்ட வெட்டி எடு. படிக்கு முன்னால பழைய கல்லத் திரும்பப் போடு."

நாங்குநேரியிலிருந்து வந்த கான்ட்ராக்டர் அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. "சார், அந்த ஓட்டை வழியா சூடு உள்ள வரும்லா!"

"அதுக்குத்தான வெட்டச் சொல்லுதேன்" என்றாள் அக்கா.

நேற்று காலை வெட்டினார்கள், கல்லையும் பதித்தார்கள். போர்டுக்கு உள்ளே கரடுமுரடாகப் பழைய செங்கல். உடனே அக்காவை மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "கூறுகெட்டவனே, சாயங்காலம் ஆகட்டும்" என்றாள். அந்தப் பகல் எனக்குப் போகவே இல்லை. வானத்தில் மேகம் கூடினால்கூட நெஞ்சு அடித்துக்கொண்டது. வெயிலுக்குப் பயந்து வீட்டையே மூடியவன், வெயில் போய்விடக் கூடாதே என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

பொழுது சாய்ந்தது. அக்கா அறையை விட்டு வந்தாள். முதலில் கை பட்டது கிழக்குச் சுவரில். வெட்டிய பள்ளத்தில் விரல் வைத்து, சூடில்லை என்று தலையை ஆட்டினாள். அந்தச் சுவரோடு போய் வேண்டுமென்றே கல்லை மிதித்தாள். என் உயிர் என்னிடம் இல்லை. நின்றாள். திரும்பி வந்து மேற்குச் சுவரைத் தேடினாள். செங்கல்லில் உள்ளங்கையை வைத்தாள்.

"சுடுது" என்றாள்.

விறுவிறுவென்று நடந்தாள். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"ஏல, மூச்சு வாங்கிட்டு எதுக்குப் பின்னால வாரே? அங்கிட்டுப் போ!"

அடுப்படிக்குள் போய் அவளே டம்ளரைத் தேடி எடுத்தாள். நான் அவளுக்காகக் காபி போட்டு வைத்திருந்த டம்ளர் அது.

ஆறிப்போயிருந்தது. அதையும் அவள்தான் தொட்டுப் பார்த்துச் சொன்னாள்.