ஐலா அண்ணியின் ஆரஞ்சுச் சாயம்

எங்கள் ஐலா அண்ணிக்கு இந்த உலகத்தில் இரண்டே எதிரிகள்: வெந்நீரும் வெயிலும். இரண்டும் துணியின் நிறத்தைத் தின்றுவிடுமாம். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் எங்கள் மேல் மிஷிகனில் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அதற்கும் பயந்து துணியை நிழலில்தான் காயப்போடுவாள். உள்பக்கத்தை வெளியே திருப்பு, பச்சைத் தண்ணீரில் போடு, கடைசி அலசலில் வினிகர் ஊற்று என்று வீட்டுக்கு வருகிறவர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துவாள். தப்பிக்கக் காபி கேட்டால் அதுவும் கிடைக்காது. காபியில் அலசினால் கறுப்பு வெளுக்காது என்று கறுப்புத் துணிக்காக அதை எடுத்து வைத்திருப்பாளாம்.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் போடும் சிவப்புக் கோட்டு ஒன்று அவளிடம் இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கியது. இன்னும் கண்ணைப் பறிக்கும். அதன் பக்கத்தில் நின்று தும்மக்கூட எங்களுக்கு அனுமதி கிடையாது.

இப்பேர்ப்பட்ட மகராசிக்கு வாய்த்த புருஷன் என் அண்ணன் ரெய்னோ. அவனுக்குச் சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. கொடுத்துவைத்தவள்!

மான் வேட்டைக்குப் போகிறவன் பளிச்சென்ற ஆரஞ்சில் மேலே ஏதாவது போட்டாக வேண்டும். இல்லையென்றால் மான் என்று நினைத்து எவனாவது சுட்டுவிடுவான். அண்ணனிடம் இருந்ததோ எங்கள் அப்பா போட்டுத் தேய்த்த கையில்லாச் சட்டை. வெளுத்துச் சோகை பிடித்துக் கிடந்தது.

"புதுசு ஒண்ணு வாங்குங்களேன். எவனாவது சுட்டுத் தொலைக்கப் போறான்" என்றாள் அண்ணி.

"அது அப்பாவோடது. ராசியான சட்டை. அது இல்லாம நான் காட்டுக்குப் போறதா இல்ல."

"சரி, வாங்க வேண்டாம். நானே நிறத்தக் கொண்டுவர்றேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணி, இது கண்ணைக் கூசுற ஆரஞ்சு. கடைச் சாயத்துல வராது" என்றேன்.

"நிறத்தப் பத்தி நீ எனக்குச் சொல்ல வந்துட்டியாக்கும்! உன் வெள்ளைச் சட்டையக் கண்ணாடியில பாரு. சாக்குப் பை தேவலாம்."



நிலவறையில் ஒரு மங்கல் பல்பின் கீழே வாளியில் சாயத்தைக் கரைத்தாள். போதவில்லை என்று இன்னொரு நிறமும் சேர்த்தாள். ஈரத்தில் பிரமாதமாகத் தெரிந்ததாம். சட்டையை சானாவில், அதாவது எங்கள் நீராவிக் குளியல் அறையில், அடுப்புப் பக்கம் காயப்போட்டாள்.

வேட்டை தொடங்கும் நாள். எங்கள் ஊரில் அன்றைக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. விடியுமுன் கிளம்பினோம். இருட்டில் எனக்குச் சட்டையின் நிறம் தெரியவில்லை. அண்ணனுக்கு வெளிச்சத்திலும் தெரியாது. அவன் ஓடைப் பக்கம் தனியாகப் போனான். நானும் பக்கத்து வீட்டு எர்வினும் மேட்டில் உட்கார்ந்தோம்.

வெளிச்சம் வந்ததும் எர்வின் என் தொடையைத் தட்டினான். "அங்க பாருடா, புதர்ல. முதுகு தெரியுது. நல்ல பெரிய மான்."

பழுப்பாக ஏதோ அசைந்தது. எர்வின் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினான்.

அப்போது கீழேயிருந்து சிவப்பாக ஒன்று அலறிக்கொண்டு ஓடி வந்தது. "ரெய்னோ! எழுந்து நில்லுங்க! நில்லுங்க!" கிறிஸ்துமஸ் கோட்டு முள்ளில் டர்ரென்று கிழிந்தது.

"யாரது, கையில வந்த மான வெரட்டுறது!" என்று கத்தினான் எர்வின்.

மான் எழுந்து நின்றது. "என்ன ஐலா, சாப்பாடு கொண்டுவந்தியா?" என்று கேட்டது.

விடிந்ததும் ஜன்னலோரம் நின்றவள் சாயம் பிடித்த தன் கைகளைப் பார்த்திருக்கிறாள். அச்சு அசல் மான் தோல் நிறம்! அண்ணனை அந்தக் கைகளாலேயே மாறி மாறி அடித்தாள், அழுதாள், கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினாள். எர்வின் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பெண்டாட்டியின் சிவப்புக் கோட்டோடு அண்ணன் காட்டை விட்டு நடந்தான், யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே புது ஆரஞ்சுச் சட்டை வந்தது. இன்றுவரை அண்ணி அதைத் தண்ணீரில் நனைக்கவில்லை. அதன் வாடைக்கு மான்கள் ஊரையே காலி செய்துவிட்டன. வருஷா வருஷம் அண்ணன் வெறுங்கையோடு திரும்புகிறான்.

"இந்த நாத்தத்துக்கு எந்த மான் அண்ணி கிட்ட வரும்?" என்று கேட்டேன்.

"மான் வர வேண்டாம்" என்றாள், சட்டையை நிழலில் மாட்டிக்கொண்டே. "இவர் வந்தாப் போதும்."