சங்கடத்துக்கு நான் வைத்த ஸ்டாம்ப்

வக்கீல் நோட்டீஸை என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர், அதை அனுப்பிய பழனிசாமியேதான். கணபதியில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்திருப்பவர்.

"தபால்லயும் போட்டிருக்கனுங்க. ஊட்ல ஆளில்லீன்னு திரும்பிரக்கூடாதுல்லீங்க? சாப்பிட்டாச்சுங்களா?"

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை தூக்கினேன், கணபதியில் லேத் ஓட்டினேன். பத்துப் பட்டறை மாறியதில் எங்கே எது வீணாகிறது என்பது பிடிபட்டது. அதையே சொல்லிப் பிழைக்கலாம் என்று, கன்சல்டன்ட் என்று லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் அடித்துக்கொண்டேன்.

பம்ப் கம்பெனி சுப்பிரமணியத்திடம், பம்புக்கு வார்த்தெடுக்கும் காஸ்டிங்கை வேறு ஃபவுண்டரியில் வாங்கினால் மலிவு என்றேன். பழனிசாமியோடு அவருக்கு மூன்று வருஷ அக்ரிமென்ட். பாதிகூட முடியவில்லை.

"வேண்டாம்னு நா எப்படிங்க எழுதறது? பழனிசாமி எனக்கு மாமன் முறையாகோணும். சங்கடமுங்க. நீங்களே எழுதிப்போடுங்க."

பழனிசாமிக்கு எழுதினேன். "நாளை முதல் காஸ்டிங் அனுப்ப வேண்டாம்." என் லெட்டர்பேட், என் கையெழுத்து. எடுப்பாக இருக்கட்டும் என்று ஸ்டாம்பை இரண்டு தடவை குத்தினேன்.

நோட்டீஸைப் படித்த என் வக்கீல் சொன்னார்: "கட்சிக்காரருக்கு யோசனை சொன்னா தப்பில்லீங்க. நீங்களே போய் அடுத்தவங்க ஒப்பந்தத்த ஒடச்சா, நஷ்டத்துக்கு நீங்கதான் பதில் சொல்லோணும். சரி, அந்தப் புது ஃபவுண்டரி யாருது?"

"எம்மச்சானுதுங்க."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார்.

ஊர் ஊராக அலைந்து கடைசியில் கட்டிய ஓட்டு வீடு ஒன்றுதான் என்னிடம் இருந்தது. வழக்கு நடந்தால் அதுவும் போகும்.

அடுத்த வாரம் அவர்கள் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மாமனும் மாப்பிள்ளையும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. பாயசம் வருவதற்குள் சமாதானமாகிவிட்டார்கள். மறுநாள் காஸ்டிங் வந்து இறங்கியது. நோட்டீஸ் மட்டும் என்மேல் அப்படியே நின்றது.

பழனிசாமியிடம் ஓடினேன்.

"உங்க மேல கோவமே இல்லீங்க. ஆனா லெட்டரு உங்களுதுதானுங்களே?" என்றவர், ஒரு வழியும் சொன்னார். "மாப்பிள்ளையும் நானும் புதுசா ஒரு அக்ரிமென்ட் போடறோம். நீங்களே எழுதிக் குடுங்க, நோட்டீஸ வாபஸ் வாங்கிக்கறேன். இடையில எந்தக் கன்சல்டன்ட்டும் வரக்கூடாதுன்னு மொதல்ல எழுதுங்க."

என்னை விலக்கும் ஷரத்தை நானே எழுதினேன். முடித்ததும் கை தானாகப் பைக்குள் போனது.

"அந்த ஸ்டாம்ப இங்க குடுத்துட்டுப் போங்க கண்ணு."

அது இன்றும் அவர் மேஜை டிராயரில் கிடக்கிறது.

இப்போதும் யோசனை சொல்கிறேன், வாயால் மட்டும். கடிதம் போக வேண்டுமென்றால் கட்சிக்காரரின் பேடில், அவர் கையெழுத்தில்தான் போகும். சங்கடமாக இருக்கிறது என்பவர்களிடம், சங்கடப்பட்டுக்கொண்டே எழுதுங்கள் என்பேன். பாதிப் பேர் எழுதுவதில்லை. அவர்களுடைய ஒப்பந்தங்கள் நன்றாகவே நடக்கின்றன.